குற்றமும் குணமும்: தம்புராவின் ஜீவாளியும் மின்கிற்றாரின் கரகரப்பொலியும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவ காலத்தில், இருபத்தைந்து நாள்களிலும், இருவகை ஒலிகள் செவிப்படுதல் கூடும். ஒன்று சுவாமி வீதிவலம் வருங்கால் முன்னே எழும் நாகசுர தவில் முழக்கம். மற்றொன்று வீதிக்கு அப்பால் எங்கேனும் ஓர் ஒலிபெருக்கி தன் ஆற்றலுக்கு மிஞ்சி முடுக்கப்பட்டுக் கரகரத்து எழுப்பும் ஓசை. முன்னதை நாதம் என்றும் பின்னதை இரைச்சல் என்றும் கேட்போர் ஐயமின்றிப் பகுத்துவிடுவர். ஆயின் இசையின் வரலாற்றையும் ஒலியின் இயற்கையையும் சிறிது ஆழ்ந்து நோக்குவார்க்கு, இவ்விரண்டிற்கும் இடையே உள்ள எல்லைக்கோடு அத்துணைத் தெளிவானதன்று என்பது புலப்படும். ஒரு காலத்தார் குற்றம் என விலக்கிய கரகரப்பைப் பிறிதொரு காலத்தார் நாதத்தின் உயிர் எனப் போற்றினர். இது தமிழர் இசையிலும் நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க நாட்டு மின்கிற்றார் இசையிலும் நிகழ்ந்தது.

யாழ் பாடிப் பரிசிலாக மணற்றிடரைப் பெற்ற பாணன் கதையைத் தன் பெயர்க்காரணமாகக் கூறும் நாடு யாழ்ப்பாணம். ஆதலின் யாழிலிருந்தே தொடங்குதல் பொருந்தும். பண்டைத் தமிழர் யாழ் நரம்பிடத்து வேண்டியது மாசற்ற தூய ஒலி. கானல்வரியில் மாதவி கைக்கொள்ளும் யாழை உறுப்புக் குற்றங்கள் நீங்கியது என்று இளங்கோவடிகள் விதந்து கூறுகின்றார். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்னும் நான்கும் நரம்பின் குற்றங்கள் என இசை மரபு வகுத்தது. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், சீவகன் தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, மரத்தின் குற்றம் இன்னது, நரம்பின் குற்றம் இன்னது எனக் காட்டி விலக்குகின்றான். நரம்பினுள் மறைந்து கிடந்த மயிரை எடுத்து அவையோர்க்குக் காட்டுவதும் அங்கே பேசப்படுகின்றது. ஒரு மயிரிழை நரம்பில் ஒட்டியிருத்தல் தானும் பொறுக்கலாகாக் குற்றம். நரம்பு அதிருங்கால் அவ்விழை அதனோடு உராய்ந்து ஒலியின் தூய்மையைக் கெடுக்கும் என்பது அக்கால இசைவாணர் துணிபு.

காரைதீவில் 1892 ஆம் ஆண்டு தோன்றி, இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாய், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயும் விளங்கிய விபுலாநந்த அடிகள், தம் பேருழைப்பின் பயனாகிய யாழ்நூலை 1947 ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். கணிதமும் இலக்கியமும் ஒருங்கு கைவந்த ஒருவராலன்றி அந்நூல் இயற்றப்பட்டிருத்தல் அரிது. மறைந்த யாழ்களின் உருவத்தையும் நரம்புகளின் அளவையும் அவர் கணித்துக் காட்டினார். ஆயின் யாழ் மறைந்த பின்னர்த் தமிழர் செவியை ஆண்ட நரம்புக் கருவிகள் வீணையும் தம்புராவும் ஆகும். இவற்றின் ஒலியிலக்கணம் யாழின் இலக்கணத்தோடு ஓரிடத்தில் முற்றும் மாறுபடுகின்றது. அம்மாறுபாடு நிகழ்வது தம்புராவின் குதிரையில்.

பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளின் ஓவியங்களில் மெட்டில்லாத சுருதிக் கருவியாகத் தம்புரா தலைகாட்டத் தொடங்குகின்றது. தஞ்சாவூரில் பலாமரத்தாற் செய்யப்படும் தம்புராவுக்கு நான்கு தந்திகள்: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். தந்திகள் தங்கும் குதிரையின் மேற்பரப்பு கத்திமுனைபோற் கூரியதன்று. மெல்ல வளைந்து அகன்றது. தந்திக்கும் இப்பரப்புக்கும் இடையே ஒரு நூலிழை செருகப்படும். அதற்கு ஜீவா என்றும் ஜீவாளி என்றும் பெயர். நூலை மயிரளவு முன்னும் பின்னும் நகர்த்த, ஓரிடத்தில் அதுவரை ஊமையாக இருந்த தந்தி திடீரென மலர்ந்து தேனீக்கூட்டம்போல ரீங்காரம் செய்யும். சீவகன் எடுத்தெறிந்த இழையை அன்றோ பிற்காலத்தார் தேடிச் செருகினர்! அதற்கு இட்ட பெயரோ உயிர் என்பது. நாகசுரத்தின் வாயில் ஒலி பிறக்கும் நறுக்கையும் சீவாளி என்றே வழங்குவர். இப்பெயர் ஒற்றுமை தற்செயலாயினும் ஆகுக. ஒலி பிறக்கும் நுண்ணிய இடம் எது என்பதைக் கைவினைஞர் நன்கறிந்திருந்தனர்.

இதன் காரணத்தை விஞ்ஞான முறையில் முதன்முதல் ஆராய்ந்தவர் சேர் சி. வி. இராமன் ஆவர். நோபல் பரிசு பெறுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1921 இல், கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் வெளியீட்டில் இந்திய நரம்புக் கருவிகளைப் பற்றி அவர் ஒரு சிறு கட்டுரை வரைந்தார். மேனாட்டு ஒலியியலில் யங், ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்பார் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகின்றோமோ, அந்த இடத்தைக் கணுவாக உடைய மேற்சுரங்கள் எழமாட்டா என்பது அவ்விதி. தந்தியைச் சரிநடுவில் மீட்டினால் இரட்டை எண்ணுக்குரிய மேற்சுரங்கள் ஒலித்தலாகாது. ஆயின் தம்புராவிலும் வீணையிலும் அவை ஒலிக்கின்றன, அதுவும் வலிமையுடன் ஒலிக்கின்றன என்று இராமன் கண்டார். விதி பொய்த்ததன்று. விதி கூரிய முனையில் அசையாது நிற்கும் தந்திக்கே உரியது. தம்புராத் தந்தியோ ஒவ்வோர் அதிர்விலும் குதிரையின் வளைந்த பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுகின்றது. தொடும்போதெல்லாம் அதன் நீளம் சிறிது குறைகின்றது. ஒரு சிறு மோதலும் நிகழ்கின்றது. அம்மோதல், தாழ்ந்த சுரத்திலுள்ள ஆற்றலிற் சிறு பங்கை எடுத்து மேற்சுரங்களுக்கு வழங்குகின்றது.

மந்தரத் தந்தி நொடிக்கு 100 முறை அதிர்வதாகக் கொண்டால், 200, 300, 400, 500 என்னும் மடங்குகளும் உடன் எழும். 300 பஞ்சமம், 500 அந்தர காந்தாரம். நன்கு சுருதி சேர்ந்த தம்புராவில், எந்தத் தந்தியும் காந்தாரத்திற்குக் கூட்டப்படாதிருந்தும், காந்தாரம் தானாக ஒலிப்பதைப் பாடகர் அறிவர். சுயம்பு என்று அதனைச் சிறப்பிப்பர். ஜீவாளி இல்லையேல் அது செவிக்கு எட்டுதல் அரிது.

மிருதங்கத்திலும் இத்தகைய உபாயம் உண்டு. வலந்தலையின் தோல்களுக்கிடையே சிறு குச்சிகளைச் செருகுதலும், கப்பி என்னும் கற்றுகள் இடுதலும் நெடுநாள் வழக்கம். குச்சி மிருதங்கத்தின் நாதம் கூர்மையும் கலீரென்ற அதிர்வும் உடையது. தோலிலே தளர்ந்த பொருள் கிடந்து அதிர்தல் பிற பறைகளுக்குக் குற்றம், மிருதங்கத்துக்கு அழகு.

இனி, கடல் கடந்த வரலாற்றைக் காண்போம். மின்கிற்றார் 1930 களில் அமெரிக்காவில் எழுந்தபோது, ஒலிபெருக்கி செய்தோர் விரும்பியதும் தூய ஒலியே. வால்வை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால் ஒலி கரகரக்கும் என்பது தெரிந்ததே. அது நீக்கவேண்டிய குறை எனக் கருதப்பட்டது. எனினும் சிலர் அக்குறையை விரும்பத் தலைப்பட்டனர். 1958 இல் லிங்க் றே என்பார் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பிற் பென்சிலாற் துளையிட்டு, கரகரத்த ஒலியைப் பெற்றார். 1964 இல் இலண்டனில் கிங்ஸ் குழுவினரான டேவ் டேவிஸ் அக்கூம்பைச் சவர அலகினாற் கீறினார். கிழிந்த காகிதத்தின் விளிம்பு அதிர்ந்து மோதுவதற்கும், தந்தி நூலின் முன்னே குதிரையில் மோதுவதற்கும் தத்துவத்தில் வேற்றுமை பெரிதில்லை. வேற்றுமை நயத்தில் உள்ளது: ஜீவாளியை மயிரளவு நகர்த்தித் திருத்தலாம்; கிழித்த கூம்பை ஒட்ட முடியாது.

இக்கரகரப்பைப் பெட்டியில் அடைக்கும் வழி ஒரு பழுதினாற் கிடைத்தது. நாஷ்வில் நகரில் மார்ட்டி றொபின்ஸ் பாடிய ‘டோன்ற் வொறி’ என்னும் பாட்டின் ஒலிப்பதிவில், கிறேடி மார்ட்டின் என்பார் வாசித்த ஆறு தந்திப் பேஸ் கிற்றாரின் ஒலி, பதிவு மேசையின் ஒரு வழியிலிருந்த பழுதினால் வண்டின் முரற்சிபோல் உருத்திரிந்து வந்தது. அதனை நீக்கி மறுபடி பதிவுசெய்தல் எளிது. அவர்கள் அவ்வாறு செய்திலர். 1961 இல் பாட்டு வெளிவந்து புகழ்பெற்றது. பின்னர் அப்பழுதுற்ற உறுப்பு முற்றும் செயலிழந்தபோது, அதே ஒலி வேண்டுமென்று பிறர் கேட்கலாயினர். கெட்டதைத் திருத்தும் பொறியியலாளர், கெட்டவாறே ஒலிக்கும் கருவியைப் புதிதாகச் செய்யவேண்டியவரானார்! ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி, றெவிஸ் ஹொப்ஸ் என்பாருடன் கூடி, மூன்று ஜேர்மானியத் திரான்சிற்றர்களைக் கொண்ட சுற்று ஒன்றை அமைத்தார். கிப்சன் நிறுவனம் 1962 இல் அதனை மேஸ்ட்ரோ ஃபஸ்-ரோன் என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி. ஒன்றரை வோல்ற்று மின்கலம் இரண்டு போதும். கிற்றாரைச் செல்லோவாகவும் காற்றுக் கருவியாகவும் ஒலிக்கச் செய்யும் எனவே அதனை விளம்பரம் செய்தனர். அதன் உண்மைக் குணத்தை விற்றவரே அறிந்திலர் போலும். முதலில் விலைபோகாது தேங்கிய அப்பெட்டி, 1965 இல் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் ‘சற்றிஸ்ஃபக்ஷன்’ வெளிவந்தபின் விரைவில் விற்றுத் தீர்ந்தது. அப்பாட்டில் கீத் றிச்சர்ட்ஸ் வாசித்த கரகரப்பொலியும், பின்னர்ச் சேர்க்க எண்ணிய கொம்புக் கருவிகளுக்கு ஓர் அடையாளமாக மட்டுமே பதியப்பட்டதாம்.

இச்சுற்றுகள் ஒலியை எவ்வாறு மாற்றுகின்றன? கிற்றாரின் கம்பிச்சுருளிலிருந்து வருவது மிகச் சிறிய மின்னலை. திரான்சிற்றர் அதனைப் பன்மடங்கு பெருக்குகின்றது. ஆயின் 9 வோல்ற்று மின்கலத்திலிருந்து 9 வோல்ற்றுக்கு மேற்பட்ட அலை வெளிவருதல் இயலாது. குடத்தின் வாய்க்கு மேல் நீர் நிற்காததுபோல, அலையின் உச்சி அவ்வெல்லையில் வெட்டுண்டு தட்டையாகின்றது. வளைந்த அலை சதுர அலையை நெருங்குகின்றது. மேல் உச்சியும் கீழ் உச்சியும் ஒப்ப வெட்டுண்டால் ஒற்றை எண்ணுக்குரிய மேற்சுரங்களே எழும். முழுச் சதுர அலையில் மூன்றாவதின் அளவு மூன்றில் ஒன்று, ஐந்தாவதின் அளவு ஐந்தில் ஒன்று. ஒரு பக்கம் மிகுதியாக வெட்டுண்டால் இரட்டை எண்ணுக்குரியனவும் சேரும். ஒலியின் நிறம் இவ்விகிதத்தில் உள்ளது.

இலண்டனில் ஆர்பிற்றர் நிறுவனம் 1966 இல் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் என்னும் பெட்டி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதனுள்ளே உள்ளவை இரண்டு திரான்சிற்றர், நான்கு தடை, மூன்று கொள்ளளவி, திருகு தடை இரண்டு, இவ்வளவே. இரண்டாம் திரான்சிற்றரிலிருந்து முதலாவதற்கு 100,000 ஓம் தடைவழியாக ஒரு பகுதி மின் திரும்புகின்றது. இரண்டாவதன் வெளிவாயில் மின்னழுத்தம் ஏறக்குறைய 4.5 வோல்ற்றில், அதாவது மின்கலத்தின் பாதியில், நின்றால் அலை இருபுறமும் ஒப்ப வெட்டுப்படும். அங்கிருந்து விலகினால் ஒருபுறமாகச் சாயும். சுற்றின் உள்வாயில் கிற்றாரின் சுருளைப் பெரிதும் பாரப்படுத்துவதனால், கிற்றாரின் ஒலித்திருகைச் சற்றுக் குறைத்த மாத்திரத்தே கரகரப்பு நீங்கித் தெளிந்த ஒலி பிறக்கும். வாசிப்பவன் விரலுக்கு இத்துணைப் பணியும் கருவி, உறுப்புக்கள் பல கூட்டிப் பின்வந்த பெட்டிகளில் அரிது. 1969 இல் எலெக்ட்றோ-ஹார்மோனிக்ஸ் வெளியிட்ட பிக் மஃப் நான்கு திரான்சிற்றர்களோடு இருவாயிகளையும் சேர்த்து, இரு படிகளில் அலையை வெட்டி, மேலதிக ஒலியை வடிகட்டியால் மழுக்கியது. அதன் நாதம் நீண்டது, செறிந்தது. ஆயின் விரலின் நுண்மை அதில் மறைந்துபோம்.

தொடக்ககாலப் பெட்டிகள் ஒன்றுபோல் ஒன்று ஒலியாமைக்குக் காரணம் ஜேர்மானியம். அக்காலத் திரான்சிற்றர்களின் பெருக்கம் ஒரே பெயருடையவற்றுள்ளும் பெரிதும் வேறுபட்டது. அன்றியும் ஜேர்மானியத்தில் வேண்டாத கசிவு மின்னோட்டம் உண்டு. வெப்பம் 10 பாகை ஏற அக்கசிவு ஏறத்தாழ இருமடங்காகும். இலண்டனில் 15 பாகைக் குளிரிற் செம்மையாக ஒலிக்கும் பெட்டி, யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயிலில் 35 பாகையில் நான்கு மடங்கு கசிவுடன் அலையின் நடுநிலை தவறித் தொண்டை கட்டியதுபோல் ஒலிக்கும். சிலிக்கன் திரான்சிற்றர் வந்தபின் இக்குறை நீங்கிற்று. கூடவே அந்த மென்மையும் நீங்கிற்று என்று முன்னையதை விரும்புவோர் குறைகூறுவர். தோலும் மரமும் மழைக்காலத்திலும் கோடையிலும் வேறுபடுவதை நாளும் காணும் மிருதங்க வித்துவானுக்கு இதில் வியப்பொன்றும் இராது.

தம்புராவுக்கும் இப்பெட்டிக்கும் இடையே ஒரு பெரும் வேற்றுமை உண்டு. பொதுவாக ஒப்புமை கூறுவோர் இதனைக் கருதுவதில்லை. தம்புராவின் நான்கு தந்திகளும் தனித்தனியே குதிரையில் உராய்ந்து மேற்சுரங்களைப் பெற்றபின்னரே குடத்திற் கலக்கின்றன. பெட்டியிலோ ஆறு தந்திகளின் ஒலியும் முதலிற் கலந்து, கலந்த அலையே வெட்டுண்கின்றது. இவ்வரிசை மாற்றத்தின் விளைவு சிறிதன்று. கலந்தபின் வெட்டும்போது, இரு சுரங்களின் கூட்டலும் கழித்தலுமாகிய புதிய ஒலிகள் பிறக்கின்றன. 200 அதிர்வுடைய சட்சமும் 300 உடைய பஞ்சமமும் சேர்ந்தால், கழித்தலாகிய 100 சட்சத்தின் கீழ்த்தாயிச் சட்சமே. ஒலி கெடாது, ஆழம் பெறும். சட்சமும் காந்தாரமும் இயற்கை அளவில் 200, 250 எனச் சேரின் 50 பிறக்கும், அதுவும் சட்சமே. ஆயின் கிற்றாரின் மெட்டுகள் சமபங்கீட்டு முறையில் வைக்கப்பட்டவை. அங்கே காந்தாரம் ஏறத்தாழ 252. பிறக்கும் 52 எச்சுரத்தோடும் இயையாது முரண்டும். இதனாலேயே கரகரப்புப் பெட்டி பூட்டிய கிற்றார் வாசிப்போர் பெரும்பாலும் ஒற்றைச் சுரத்தையோ சட்ச பஞ்சமத்தையோ நாடினர். தம்புராவின் சுருதியும் சட்ச பஞ்சமமே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. காரணங்கள் வேறு, சேர்ந்த இடம் ஒன்று.

இவ்விரு மரபுகளும் ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்ததும் உண்டு. 1965 இல் இலண்டனில் யார்ட்பேர்ட்ஸ் குழுவினர் ‘ஹார்ட் ஃபுல் ஒவ் சோல்’ என்னும் பாட்டிற்குச் சித்தார்க் கலைஞர் ஒருவரை அழைத்துப் பதிவுசெய்தனர். அது அவர்கள் கருதிய வேகத்தோடு அமையவில்லை. அக்கட்டத்தில் கிற்றார்க் கலைஞர் ஜெஃப் பெக், சித்தாரின் அதே நாதத்தைக் கரகரப்புப் பெட்டியைக் கொண்டு தம் கிற்றாரில் வாசித்துக் காட்டினார், வெளிவந்தது அதுவே. சித்தாரின் குதிரையும் தம்புராவின் குதிரையைப்போல் வளைந்த பரப்புடையது. திரான்சிற்றர்களால் அக்குதிரையின் வேலையைச் செய்விக்கலாம் என்று ஒருவர் செவியாலேயே கண்டுகொண்டமை சிறப்பு. இரண்டு ஆண்டுகளின் பின், 1967 இல், அமெரிக்காவில் வின்னி பெல் வடிவமைத்த கோறல் மின்சித்தார், கிற்றாரிலேயே அகன்ற குதிரையைப் பொருத்தி மறுவழியில் அவ்விடத்தை அடைந்தது.

ஈழத்தில் 1960 களின் பிற்பகுதியிலும் 1970 களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப் பாடல்களோடு கிற்றார் தமிழ்ச் செவிக்குப் பழகிற்று. அதே காலத்தில், மருதனார்மடத்து இராமநாதன் இசைக்கழகத்தில் மகாராஜபுரம் சந்தானம் போன்ற வித்துவான்கள் இருந்து கற்பித்தனர். அக்கழகம் 1975 இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பின்னர் தம்புராவின் இடத்தைப் பிடித்தது கிற்றார் அன்று. அதனுடன் பிறந்த திரான்சிற்றரே. 1970 களின் இறுதியில் பெங்களூரில் மின்னணுச் சுருதிப்பெட்டி உருவாகி, தமிழர் வாழும் இடமெங்கும் பரவியது. விலை குறைவு, சுமப்பதற்கு எளிது, சுருதி கலையாது. ஒவ்வொரு மாணவர் வீட்டிலும் தம்புரா வைத்தல் இயலாத இந்நாட்டில் அது செய்த நன்மையை மறுத்தல் நன்றியன்று.

எனினும் 1990 ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரம் இன்றி இருந்தது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அந்நாள்களில் சுருதிப்பெட்டிகள் வாய்மூடிக் கிடந்தன. தம்புராவுக்கு எந்த அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. கரகரப்பொலியைத் திரான்சிற்றரும் தரும், நூலிழையும் தரும். ஆனால் நூலிழைக்கு மின்கலம் வேண்டா.

இக்காலத்து மாணவர் பலர்க்குச் சுருதி கைத்தொலைபேசியிலிருந்து வருகின்றது. அதன் சிறிய ஒலிபெருக்கியால் 100 அதிர்வுடைய மந்தரத்தை எழுப்ப முடியாது. ஆயினும் மாணவர் மந்தரத்தைக் கேட்கின்றனர். 300, 400, 500 என்னும் மேற்சுரங்கள் செவியில் விழ, அவற்றின் இடைவெளியாகிய 100 ஐ மனமே நிரப்பிக்கொள்கின்றது. அம்மேற்சுரங்கள் பதிவில் உள்ளமைக்குக் காரணம், எங்கோ ஒரு நல்ல தம்புராவுக்கு ஒருவர் பொறுமையாக ஜீவாளி பிடித்தமையே. ஜீவாளி பிடிக்கத் தெரிந்தவர் யாழ்ப்பாணத்தில் இன்று எத்தனைபேர் உளர் என்பதை இசைபயிலும் மாணவர் விசாரித்தறிதல் நன்று. நூலை விரலால் ஒதுக்கி, தந்தியை மீட்டி, செவியைக் குடத்தோடு சேர்த்து, மறுபடி ஒதுக்கி அமைக்கும் அப்பயிற்சி எழுத்தில் அடங்காது. கைக்குக் கை கொடுக்கப்படுவது. நான்கு தந்திகளுக்கும் அதனை முடிக்கப் பழகிய கைக்கும் சிறிது நேரம் செல்லும். பழகாத கைக்கு ஒரு பிற்பகல் முழுதும் போதாது.